கார் சிடி பிளேயரில் சிக்கிய சிடி: கடலூர், புதுச்சேரி வாகன உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிதாக விற்பனைக்கு வரும் கார்களில் இப்போது சிடி பிளேயரைக் காண்பது அரிது. ஆனால் கடலூரிலும் புதுச்சேரியிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார்களும், கார்த்திகை மாதத்தில் சபரிமலைக்கும் முகூர்த்த நாட்களில் திருவந்திபுரத்துக்கும் வாடகைக்குப் போகும் வேன்களும் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் டேஷ்போர்டில் பழைய பிளேயர்தான் இருக்கிறது. உள்ளே போன சிடி வெளியே வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது பற்றிய கேள்விகளும் பதில்களும் கீழே உள்ளன. கருவி எதையும் எடுக்காமல் செய்யக்கூடியவை முதலிலும், கழற்ற வேண்டியவை பிறகும் வருகின்றன. அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

சிடி வெளியே வரவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிளேயரின் வாய்க்குள் எதையும் நுழைக்காமல் இருக்க வேண்டும். பழுது பார்க்க வரும் பிளேயர்களில் பெரும்பாலானவை சிடி சிக்கியதால் கெட்டவை அல்ல. சிக்கிய பிறகு ஸ்குரூ டிரைவர், கத்தி முனை, ஹேர்பின் என்று கையில் கிடைத்ததை விட்டுக் கிளறியதால் கெட்டவை.

அடுத்ததாக ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: உங்களுக்கு வேண்டியது சிடியா, பிளேயரா? கடையில் வாங்கிய பாட்டு சிடி என்றால் அதை உடைத்தாவது பிளேயரைக் காப்பாற்றலாம். வீட்டுக் கல்யாணத்தின் நாதஸ்வரக் கச்சேரியோ, மறைந்துபோன பெரியவர் பாடியதோ அதில் இருந்து, வேறு பிரதியும் இல்லையென்றால், பிளேயரை அறுத்துப் பிரித்தாலும் தவறில்லை. கீழே சொல்லப்படும் வழிகளில் சில சிடிக்குப் பாதுகாப்பானவை, சில பிளேயருக்குப் பாதுகாப்பானவை. இந்த முடிவை முதலிலேயே எடுக்காதவர்கள் பெரும்பாலும் இரண்டையும் இழக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஏசி, முகப்பு விளக்கு ஆகியவற்றை அணைத்துவிட்டு, எஜெக்ட் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்திக் கவனமாகக் கேளுங்கள். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட் வரை கிடைக்கும்; பலவீனமான பேட்டரியில் அது 12 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். பாடுவதற்குப் போதுமான மின்சாரம் சிடியை வெளியே தள்ளும் மோட்டாருக்குப் போதாமல் போவது உண்டு. எஞ்சினை ஓட்டியவுடன் சிடி தானாக வெளியே வந்துவிட்டால், பழுது பிளேயரில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது? ஏன் சிக்குகிறது?

சிடியின் விட்டம் 12 செ.மீ., தடிமன் 1.2 மி.மீ. அதன் விளிம்பை வாயில் வைத்ததும் உள்ளே இருக்கும் உணரி அதைக் கண்டுகொண்டு ஒரு சிறு மோட்டாரை ஓட்டுகிறது. வாய்க்குச் சற்று உள்ளே, அகலவாக்கில் ஒரு ரப்பர் ரோலர் இருக்கிறது. அந்த ரோலருக்கும், எதிரே உள்ள வழவழப்பான பிளாஸ்டிக் பட்டைக்கும் நடுவில் அகப்பட்டுச் சிடி உள்ளே இழுக்கப்படுகிறது. முழுவதும் போனதும் ரோலர் விலகிக்கொள்ள, மேலிருந்து ஒரு கை இறங்கிச் சிடியின் நடுவை சுழலும் அச்சின்மேல் அழுத்திப் பிடிக்கிறது. வெளியே வரும்போது இதே வேலைகள் தலைகீழாக நடக்க வேண்டும்: கை மேலே எழ வேண்டும், ரோலர் மீண்டும் சிடியைத் தொட வேண்டும், எதிர்த்திசையில் சுழல வேண்டும். பெரும்பாலான பிளேயர்களில் இவை எல்லாவற்றையும் ஒரே மோட்டார், பிளாஸ்டிக் பற்சக்கரங்களின் வழியாகச் செய்கிறது. ஆகவே ஒரு படியில் தடங்கல் வந்தால் அடுத்த படிகள் நடப்பதில்லை.

இவற்றில் முதலில் மூப்படைவது ரோலர்தான். புதிய ரோலரின் ரப்பர் மங்கலாகவும், விரல் வைத்தால் லேசாகப் பிடிப்பதாகவும் இருக்கும். பல கோடைகளைக் கண்ட ரோலர் பாலிஷ் போட்டதுபோல் பளபளக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்காது. சிடி தொடும் இடங்களில் மட்டும் தூசி கறுப்பு வளையமாகப் படிந்திருக்கும். அது சுழலும், ஆனால் சிடியைப் பிடிக்காது. கத்திரி வெயிலில் நாள் முழுவதும் திறந்த வெளியில் நிற்கும் வண்டிகளில் இது சீக்கிரம் வந்துவிடும்.

நம் கரையோர ஊர்களுக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், வைத்திக்குப்பம் போன்ற கடலை ஒட்டிய பகுதிகளில் இரவு முழுவதும் நிற்கும் வண்டிகளின் உள்ளே உப்புக் காற்று படிந்து, சிடி வந்துவிட்டதா போய்விட்டதா என்று பார்க்கும் சிறு சுவிட்சுகளின் தொடுமுனைகளை அரிக்கிறது. சிடி உள்ளே இருந்தும் பிளேயர் ‘சிடி இல்லை’ என்று காட்டினால் பெரும்பாலும் இதுதான் காரணம். உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிளேயர், எஜெக்ட் பட்டனுக்கு ஏன் மதிப்புக் கொடுக்கப்போகிறது?

சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெருமளவு முடியும். அதனால்தான் பட்டனை ஒரு முறை மட்டும் அழுத்திக் கேட்கச் சொன்னது. திரும்பத் திரும்ப அழுத்தினால் ரோலர் ஒரே இடத்தில் உராய்ந்து இன்னும் வழவழப்பாகிவிடும்.

மோட்டார் ‘கிர்ர்’ என்று சீராக ஓடி, சிடி மட்டும் அசையாமல் இருந்தால், அல்லது விளிம்பு சற்றே எட்டிப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே போனால், ரோலர் வழுக்குகிறது. இந்தப் பழுதை வெளியிலிருந்தே சரிசெய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ‘டக் டக்’ என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் வந்தால் பற்சக்கரத்தின் பல் உடைந்து தாண்டுகிறது, அல்லது சிடி ஏதோ ஒன்றில் முட்டிக்கொண்டு நிற்க மோட்டார் திணறுகிறது. இங்கே வலுவாக இழுத்தால் மிச்சம் இருக்கும் பற்களும் போய்விடும். காகிதம் உரசுவதுபோல் ‘சரசர’ என்று கேட்டால் மேலே ஒட்டிய லேபிள் உரிந்திருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லையென்றால் அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

சிடி சுழல்கிறது, பாடவும் செய்கிறது, வெளியே மட்டும் வரவில்லை என்றும் சிலர் சொல்வார்கள். அது நல்ல நிலைமை. பாடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒலியை வெளியே எடுத்துப் பதிவு செய்துவிடுங்கள். பிளேயரின் பின்புறம் லைன் அவுட் (ஒலியை வெளியே எடுக்கும் இணைப்பு) இருந்தால் எந்த ஸ்டீரியோ மெக்கானிக்கும் அதைச் செய்து தருவார். அதன் பிறகு சிடியைப் பற்றிய கவலை இல்லாமல் பிளேயரில் கை வைக்கலாம்.

பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை. பிளேயர் கெட்டுவிட்டதா?

அவசியமில்லை. கழற்றி எடுக்கும் முகப்பு உள்ள பிளேயர்களில் சிடியின் வாய் முகப்புக்குப் பின்னால் இருக்கும். முகப்பு முழுவதும் இறங்காவிட்டால் மோட்டார் ஓடாது. சில நிறுவனங்களின் பிளேயர்களில் குழந்தைகள் சிடியை எடுத்துவிடாமல் இருக்கப் பூட்டு வசதி உண்டு. ஜேவிசி பிளேயர்கள் பலவற்றில் பவர் பட்டனையும் எஜெக்ட் பட்டனையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்தினால் பூட்டு விழும், மறுபடியும் அப்படியே அழுத்தினால் திறக்கும். திரையில் ‘நோ எஜெக்ட்’ என்று மின்னினால் இதுதான். பின் இருக்கையிலிருந்து முன்னே வந்து பட்டன்களில் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பூட்டும் இல்லையென்றால் எஜெக்ட் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடிகள் விடாமல் அழுத்திப் பாருங்கள். உள்ளே சிடி இல்லை என்று பிளேயர் நினைத்துக்கொண்டிருந்தாலும், நீண்ட அழுத்தத்தை வெளியே தள்ளும் கட்டளையாகப் பல மாடல்கள் எடுத்துக்கொள்கின்றன. அதற்கும் அசையாவிட்டால் முகப்பில், அல்லது முகப்பைக் கழற்றினால் தெரியும் இடத்தில், ‘ரீசெட்’ என்று எழுதிய சிறு துளை இருக்கிறதா என்று பார்த்து, பால்பாயிண்ட் பேனா முனையால் மெல்ல அழுத்துங்கள். நீங்கள் சேமித்து வைத்த எஃப்எம் நிலையங்கள் அழிந்துபோகும். பெரிய இழப்பில்லை.

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சிடி வந்துவிடும் என்கிறார்களே?

பல முறை வருகிறது. மின்சாரம் முற்றிலும் நின்று திரும்ப வரும்போது, பிளேயர் தன் பாகங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று முதலிலிருந்து பார்த்துக்கொள்கிறது. அப்போது உள்ளே சிடி இருப்பது தெரிந்தால் அதைப் படிக்கவோ வெளியே தள்ளவோ முயலும்.

ஆனால் ஸ்பேனரை எடுக்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பெனியே பொருத்திக் கொடுத்த பிளேயர்கள் சிலவற்றில், குறிப்பாக ஹோண்டா, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களின் சில மாடல்களில், திருட்டைத் தடுக்க ரகசிய எண் உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் அந்த எண்ணைக் கேட்கும். கொடுக்காவிட்டால் பிளேயர் எழாது. வண்டி வாங்கியபோது கொடுத்த புத்தகத்தோடு ஒரு சிறு அட்டையில் அது இருக்கும். இரண்டாம் கையாக வாங்கியவர்களிடம் அந்த அட்டை பெரும்பாலும் இருப்பதில்லை. அட்டை கையில் இல்லையென்றால் இந்த வழியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றி, கால் மணி நேரம் விட்டுவிட்டு மாட்டலாம். பேட்டரியைத் தொட விருப்பமில்லாதவர்கள் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்து ஆடியோவுக்குரிய ஃபியூஸைப் பிடுங்கினாலும் அதே பலன் கிடைக்கும். அது பெரும்பாலும் சிவப்பு நிற 10 ஆம்பியர் அல்லது நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸாக இருக்கும். பிளேயருக்கு இரண்டு மின் இணைப்புகள் வருவதால், சாவியை அணைத்தாலும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் இணைப்பின் ஃபியூஸைத்தான் எடுக்க வேண்டும். மாட்டியபின் எஜெக்ட் பட்டனை அழுத்தியபடியே சாவியைத் திருப்பினால், சில பிளேயர்கள் விழித்தவுடன் செய்யும் முதல் வேலையாகச் சிடியை வெளியே தள்ளிவிடும்.

வெயிலில் நிறுத்திய வண்டியில் சிடி உருகி ஒட்டிக்கொள்ளுமா?

உருகாது. சிடி பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அது இளகுவதற்கே ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் வேண்டும். மே மாதத்தில் கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிய கார் கடற்கரைச் சாலையில் நின்றாலும் உட்புறம் அந்தச் சூட்டின் அருகில்கூடப் போகாது. ஆனால் ஒரு பக்கம் அழுத்தப்பட்ட நிலையில் நெடுநேரம் சூட்டில் கிடந்தால் சிடி சற்று வளையலாம், ரப்பர் பிசுபிசுக்கலாம், லேபிளின் பசை இளகலாம். கதவுகளைத் திறந்து வைத்து நிழலில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். அவசரப்பட்டு ஏசியை முழு வேகத்தில் பிளேயரின்மேல் திருப்பினால், நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸின்மேல் பனி படிந்து, பாடிக்கொண்டிருந்ததும் பாடாமல் போகும்.

இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி இழுக்கலாமா?

பலர் செய்வதும், பலர் கெடுத்துக்கொள்வதும் இதைத்தான். ரோலர் வழுக்கும் பழுதுக்கு மட்டும் இது பொருந்தும். தட்டும் சத்தம் வந்தால் இதைச் செய்யக் கூடாது.

பழைய ஏடிஎம் கார்டு போன்ற மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நீளவாக்கில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிக்கொண்டு, அதன் ஒரு பக்கத்தின் நுனியில் மட்டும் நகத்தின் அளவு டேப்பை ஒட்டுங்கள். கைவிளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்தால் சிடியின் விளிம்பு மின்னுவது தெரியும். தெரியாவிட்டால் சிடி இன்னும் அச்சின்மேல் பிடிபட்டிருக்கிறது என்று பொருள், இழுப்பது வீண். விளிம்பு தெரிந்தால் அட்டையை உள்ளே விட்டு விளிம்பில் ஒட்டவைத்து, மற்றொருவர் எஜெக்ட் பட்டனை அழுத்தி மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும், ரோலரோடு சேர்ந்து மெதுவாக இழுங்கள். மோட்டார் நின்றதும் கையும் நிற்க வேண்டும்.

மேலே ஒட்டுவதா, கீழே ஒட்டுவதா என்பதுதான் முக்கியமான கேள்வி. சிடியின் அடிப்பக்கம் கீறினால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஒலி பதிந்திருக்கும் படலம் மேல்பக்கத்தில், பெயர் அச்சிட்ட மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. வீட்டில் பதிவு செய்த சிடிகளில் வலுவான டேப்பை மேலே ஒட்டி இழுத்தால் அந்தப் படலமே மீன் செதில்போல் உரிந்து வந்துவிடும். அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான பிளாஸ்டிக் காவலாக இருக்கிறது. எனவே சிடி முக்கியம் என்றால் டேப்பை அடிப்பக்கம் ஒட்டுங்கள். இன்னொரு ஆறுதலும் உண்டு: சிடியில் பதிவு நடுவில் தொடங்கி வெளிப்புறமாகப் போகிறது. 80 நிமிடச் சிடியில் அரை மணி நேரப் பாட்டுதான் இருக்கிறதென்றால் வெளி விளிம்பு வெறுமையாகவே இருக்கும். அங்கே சிறிது சேதமானாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

மேலே ஒட்டிய காகித லேபிள் உரிந்து சிக்கியிருக்கிறது. என்ன செய்வது?

கல்யாண ஸ்டுடியோக்கள் மணமக்கள் படத்தோடு வட்டமான காகித லேபிளை ஒட்டிக் கொடுத்த காலத்துச் சிடிகள் பெரும்பாலும் இப்படித்தான் சிக்குகின்றன. ஈரக்காற்றில் காகிதம் உப்பி, சூட்டில் பசை இளகி, ஓரம் மடங்கி நின்றுவிடும். வெளியே வரும்போது அந்த மடிப்பு மேல்பட்டையில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். டேப் இல்லாத வெறும் பிளாஸ்டிக் அட்டையைச் சிடிக்கு மேலே, மடிப்பின்மேல் படியுமாறு விட்டுக் காகிதத்தைச் சற்றே அழுத்திப் பிடித்துக்கொண்டு எஜெக்ட் செய்தால் பெரும்பாலும் வந்துவிடும். வந்ததும் லேபிளை உரிக்க முயலாதீர்கள். காகிதத்தோடு ஒலிப்படலமும் வந்துவிடும். சிடியைப் பிரதி எடுத்தபின் அதைப் பிளேயரில் போடுவதையே நிறுத்திவிடுங்கள்.

தெரியாமல் இரண்டு சிடிகளைப் போட்டுவிட்டோம்.

இரவு ஓட்டத்தில் ஓட்டுநர்களுக்கு இது நேர்கிறது. இரண்டும் முழுவதும் உள்ளே போயிருந்தால் வெளியிலிருந்து எடுக்க முயல வேண்டாம். ஒன்றின் விளிம்பாவது வாயருகே தெரிந்தால், இரண்டுக்கும் நடுவே மெல்லிய அட்டையை விட்டுப் பிரித்துக்கொண்டு, ரோலர் தொடும் சிடியை முதலில் வரவிடுங்கள். பெரும்பாலான பிளேயர்களில் ரோலர் கீழே இருக்கிறது. அப்படியானால் முதலில் வர வேண்டியது அடிச்சிடி. மூன்றாவதாக ஒரு சிடியை உள்ளே விட்டு முன்னவற்றை நெம்பும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். ரோலர் அதையும் பிடித்து இழுத்துக்கொள்ளும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

குழந்தை நாணயத்தைப் போட்டுவிட்டது. சிறிய 8 செ.மீ. சிடியைப் போட்டுவிட்டோம்.

நாணயம் என்றால் எஜெக்ட் பட்டனையே தொடாதீர்கள். உலோகம் உள்ளே உருண்டு மின்சுற்றின்மேல் விழுந்தால் ஷார்ட் ஆகும். ஆடியோ ஃபியூஸை எடுத்துவிட்டு நேராகக் கழற்றும் வேலைக்குப் போங்கள். 8 செ.மீ. சிடியை ஏற்கும் வசதி எல்லா பிளேயர்களிலும் கிடையாது. ஏற்காத பிளேயரில் அது ரோலரைத் தாண்டி ஓரமாக ஒதுங்கிவிடும். இதற்கும் மேல்மூடியைத் திறந்தே ஆக வேண்டும்.

தேங்காய் எண்ணெயோ, துரு நீக்கும் ஸ்பிரேயோ விடலாமா?

கூடாது. ரோலர் வேலை செய்வதே உராய்வால்தான். எண்ணெய் பட்டால் அதன்பிறகு எந்தச் சிடியையும் பிடிக்காது; லென்ஸில் பட்டால் படிக்கவும் படிக்காது. பெட்ரோல், தின்னர் ஆகியவை பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

டேஷ்போர்டைக் கையால் தட்டினால்?

பிளேயருக்கு நேர் மேலே உள்ளங்கையால் லேசாக அழுத்திக்கொண்டு எஜெக்ட் செய்வதால் கெடுதல் இல்லை. தொய்ந்த மேல்மூடி நேராகிச் சிடி வருவதும் உண்டு. குத்துவது வேறு விஷயம்.

பிளேயரை நாமே கழற்றித் திறக்கலாமா?

ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பழகியவர், அரை நாள் பொறுமை உள்ளவர் என்றால் செய்யலாம். வாரண்டி இருந்தால் செய்யக் கூடாது.

முதல் எச்சரிக்கை ஏர்பேக் பற்றியது. ஏர்பேக் உள்ள கார்களில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். மஞ்சள் நிற உறையோ மஞ்சள் நிறச் சாக்கெட்டோ உள்ள வயர்க்கொத்து ஏர்பேக்குக்கு உரியது. அதைக் கழற்றவும் வேண்டாம், மீட்டர் வைத்துச் சோதிக்கவும் வேண்டாம்.

வெளியில் வாங்கிப் பொருத்திய பிளேயர்கள் பெரும்பாலும் 18 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் கொண்ட ஒற்றை அளவிலோ, 10 செ.மீ. உயரமுள்ள இரட்டை அளவிலோ இருக்கும். ஒற்றை அளவுப் பிளேயரின் இரு பக்கமும் தட்டையான சாவிகளைச் செருகினால் தாழ்ப்பாள் விடுபட்டு முன்னால் வரும். சாவி தொலைந்திருந்தால் இரும்பு ஹேக்ஸா பிளேடின் இரண்டு துண்டுகளைக் கொண்டே மெக்கானிக்குகள் சமாளிக்கிறார்கள். கம்பெனி பிளேயர் என்றால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை முதலில் எடுக்க வேண்டும். வெயிலில் காய்ந்த சட்டத்தின் கிளிப்புகள் பட்டென்று உடையும் என்பதால், காலை நேரக் குளிர்ச்சியில் செய்யாமல் வண்டி மிதமான சூட்டில் இருக்கும்போது, இரும்பு படாமல் பிளாஸ்டிக் நெம்பியால் ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். பின்னால் உள்ள வயர் இணைப்புகளைக் கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியில் பொருத்திய பிளேயர்களில் வழக்கமாக மஞ்சள் வயர் நேரடி பேட்டரி, சிவப்பு சாவி வழி மின்சாரம், கறுப்பு எர்த்; ஆனால் கைமாறிய வண்டிகளில் இந்த வழக்கத்தை நம்பாதீர்கள், படத்தை நம்புங்கள்.

பிளேயரை மேசையில் வைத்து மேல்மூடியின் திருகுகளைக் கழற்றினால் சிடி கண்ணுக்குத் தெரியும். அதைப் பிடித்து இழுக்க வேண்டாம். பக்கவாட்டில் உள்ள சிறு மோட்டாரையும் அதன் அச்சில் உள்ள திருகுபோன்ற பற்சக்கரத்தையும் கண்டுபிடித்து, பல்குச்சி நுனியால் ஒரே திசையில் பொறுமையாகச் சுழற்றுங்கள். முதலில் நெடுநேரம் ஒன்றும் நடப்பதுபோல் தெரியாது. பிறகு சிடியின் நடுவை அழுத்திய கை மயிரிழையாக மேலே எழுவது தெரியும். அதன்பின் ரோலர் தொட்டு, சிடி தானாக வெளியே நகரத் தொடங்கும். சிடி இன்னும் அழுந்துகிறதென்றால் எதிர்த்திசையில் சுழற்றுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் மோட்டாரின் வயரைப் பிரித்துவிட்டு மூன்று பென்டார்ச் செல்களை இணைத்து இதே வேலையை நொடியில் முடிப்பார்கள். வயரைப் பிரிக்காமல் அப்படிச் செய்தால் மோட்டாரை இயக்கும் சிப் எரியலாம்.

மூடி திறந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் லென்ஸை உற்றுப் பார்க்காதீர்கள். சிடியைப் படிக்கும் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது என்பதே அதன் ஆபத்து.

ஆறு சிடிகளை ஒன்றாக விழுங்கும் சேஞ்சரிலும் இப்படியே செய்யலாமா?

வேண்டாம். அடுக்குகளும் நெம்புகோல்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னியவை. ஒன்றை இடம் மாற்றிவிட்டால் திரும்ப வரிசைப்படுத்துவது தேர்ந்தவர்களுக்கே சிரமம்.

எங்கே கொண்டுபோவது? கடைகளில் புதிய செட் போடச் சொல்கிறார்களே.

இன்றைய கார் அலங்காரக் கடைகளின் வியாபாரம் தொடுதிரை செட்டுகளை விற்பது. பழைய பிளேயரைத் திறந்து பார்ப்பதில் அவர்களுக்கு லாபமில்லை என்பதால் அப்படிச் சொல்வதைக் குறை சொல்ல முடியாது. மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முத்தியால்பேட்டை, வில்லியனூர் போன்ற பகுதிகளில் டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து வேலை செய்துவரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாராவது இருக்கிறாரா என்று டாக்ஸி ஸ்டாண்டில் விசாரியுங்கள். பழைய வேன் வைத்திருக்கும் ஓட்டுநர்களுக்கு ஆள் தெரிந்திருக்கும். பிளேயரைக் கடையில் விட்டுவிட்டு வராமல், திறக்கும்போது கூட இருங்கள். சிடி முக்கியமா, பிளேயர் முக்கியமா என்ற உங்கள் முடிவைத் திறக்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

வண்டிக்குள் வெள்ளநீர் புகுந்தது. சிடியை எடுக்கலாமா?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நகரில் 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை பெய்தது; தாழ்வான நகர்களில் நின்ற கார்களுக்குள் இருக்கை மட்டம்வரை தண்ணீர் ஏறியது. அதன் பிறகு தென்பெண்ணை வெள்ளம் பாகூரையும் கடலூரின் கரையோரப் பகுதிகளையும் சூழ்ந்தது. இப்படி நனைந்த பிளேயருக்கு மின்சாரம் கொடுத்து எஜெக்ட் செய்து பார்க்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளேயரை வெளியே எடுத்து மூடியைத் திறந்து, பல்குச்சி வழியில் சிடியை எடுங்கள். சிடிக்கு நனைவதால் பெரிய கேடு இல்லை. சேறு காய்ந்து ஒட்டுவதற்குள் நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

காப்பீடு கோருவதாக இருந்தால், சர்வேயர் பார்க்குமுன் எதையும் பிரிக்காதீர்கள். கம்பெனி பொருத்தாமல் வெளியில் வாங்கிய பிளேயருக்கு இழப்பீடு வேண்டுமானால் அது பாலிசியில் தனியாகக் குறிப்பிடப்பட்டு, அதற்குரிய பிரீமியமும் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிடி உள்ளேயே கிடந்தால் என்ன ஆகும்?

அந்தச் சிடி வேண்டாம், எஃப்எம்மும் யுஎஸ்பியும் வேலை செய்கின்றன என்றால் அப்படியே விட்டுவிடுவதில் தவறில்லை. ஆனால் சில பிளேயர்கள் ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் சிடியைத் தள்ள முயன்று மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும். வண்டியை அணைத்த பிறகும் முனகல் சத்தம் கேட்டால் பேட்டரி இறங்கிவிடும். அப்போது எடுத்தே ஆக வேண்டும்.

வெளியே வந்த சிடி பாடுமா? எப்படிச் சுத்தம் செய்வது?

கீறல் விழுந்திருந்தாலும் பெரும்பாலும் பாடும். சிடியில் ஒலி, பிழைதிருத்தும் முறையோடு பதியப்பட்டிருப்பதால், தடத்தின் போக்கில் ஏறக்குறைய 2.5 மி.மீ. வரை அழிந்துபோனாலும் பிளேயரால் அதை முழுமையாக மீட்டெடுக்க முடியும். ஆகவே நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கீறலைவிட, தடத்தோடு வட்டமாகப் போகும் கீறலே கொடியது. துடைக்கும்போதும் இதே கணக்குதான்: மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. பசை ஒட்டியிருந்தால் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து அடிப்பக்கத்தை மட்டும் கழுவுங்கள். நடுத்துளையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் அதைக் கார் பிளேயரில் மறுபடி போடாதீர்கள்.

முக்கியமான சிடியை அன்றைக்கே கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள். இப்போதைய லேப்டாப்புகளில் டிரைவ் இல்லாததால், யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று தேவைப்படும். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் கேட்டால் செய்து தருவார்கள்.

அதே பிளேயரை மறுபடி பயன்படுத்தலாமா?

ரோலரைச் சுத்தம் செய்தபின் பயன்படுத்தலாம். மூடி திறந்திருக்கும்போதே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியை ரோலரின்மேல் வைத்து, பற்சக்கரத்தைச் சுழற்றியபடியே, பஞ்சில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். அதன்பிறகும் ரப்பர் பளபளத்தால் அதை மாற்றுவதுதான் வழி. பழுதான வேறொரு பிளேயரிலிருந்து பொருத்தமான ரோலரை எடுத்துப் போடும் மெக்கானிக்குகள் உண்டு. முதலில் போய்விட்டாலும் கவலையில்லாத ஒரு சிடியைப் போட்டு, காலைக் குளிர்ச்சியிலும் மதிய வெயிலிலும் பலமுறை எடுத்துப் பாருங்கள். எஜெக்ட் ஆகி வெளியே நிற்கும் சிடியைப் பத்துப் பதினைந்து விநாடிகளுக்குள் எடுக்காவிட்டால், பல பிளேயர்கள் அதைத் தாமாகவே மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைச் சிக்கியதாக நினைத்துப் பதற வேண்டாம்.